நோட்டீஸ் அக்காவின் பதினேழு விட்ஜெட்டுகள்

1. திங்கட்கிழமை காலை நோட்டீஸ் அக்காவின் அறைக் கதவில் வழக்கமான தாள் இருந்தது: "நலம். தட்ட வேண்டாம்."

2. நாங்கள் தட்டவில்லை.

3. செவ்வாய்க்கிழமையும் அதே தாள். அப்போதும் தட்டவில்லை.

4. அன்று சமையலறைக் கதவில் "திங்கள், 6.05. இன்று சமையல்: ஃபஸ்னா" என்றே இருந்தது. அக்கா கிழமையைப் பிழையாகப் போட்டுவிட்டார் என்று நான் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஃபஸ்னா இரண்டாவது நாளாகவும் சமைத்தாள்.

5. புதன்கிழமையும் "திங்கள், 6.05" தான். மூன்றாவது நாளும் தன்னால் சமைக்க முடியாது என்று முறையிட ஃபஸ்னா அக்காவின் அறைக்குப் போனாள்.

6. இரண்டு வருடங்களில் முதல் தடவையாக அந்தக் கதவு தட்டப்பட்டது. உள்ளேயிருந்து பதில் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். நான் கண்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கைபேசி ஆப்களைச் சோதித்துப் பார்ப்பவள். எங்கே, எப்போது, என்ன பிழை என்று இலக்கம் போட்டு எழுதுவதுதான் என் தொழில். ஆனால் ஆறு பெரிய மனுஷிகள் ஒரு துண்டுத் தாளை நம்பி இரண்டு நாள் எப்படிச் சும்மா இருந்தோம் என்பதை இந்த ஆறு வரிகள் சொல்லாது. அதற்கு நோட்டீஸ் அக்காவைத் தெரிந்திருக்க வேண்டும்.

கைபேசி செய்யும் கம்பெனிகளெல்லாம் விட்ஜெட்டைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கின்றன. அது தவறு. விட்ஜெட்டைக் கண்டுபிடித்தவர் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், பஸ் நிறுத்தத்திலிருந்து நூற்றுப் பதினான்கு படிகளுக்கு மேலே, வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு போர்டிங் விடுதியை நடத்திக்கொண்டிருந்தார்.

விட்ஜெட் என்றால் என்னவென்று யோசிப்பவர்களுக்கு: கைபேசியின் முன்திரையில் ஒரு சின்னப் பெட்டி, மணி என்ன, மழை வருமா, இன்றைக்கு என்ன வேலை என்று எதையாவது காட்டிக்கொண்டு இருக்குமே, அதுதான். திறக்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும். அதற்குப் பின்னால் இருந்து உண்மையில் வேலை செய்வது ஆப். அதைத் திறந்து உள்ளே போக வேண்டும். அக்காவுக்குத் திறப்பது என்பதே பிடிக்காது. எதையும்.

அந்த வீட்டில் ஏழு அறைகள். ஆறில் நாங்கள், ஏழாவதில் அக்கா. வீட்டுச் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். முன்வாசலிலிருந்து பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும், மூடியிருக்கிற ஒவ்வொன்றின் மீதும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லும். ஃபிரிட்ஜ் கதவில்: "முட்டை 4. மாஜரீன் பாதி. பூசணி (யாருக்கும் வேணாம்)." தண்ணீர்த் தொட்டியில்: "முக்கால். தலை முழுகலாம்." குளியலறைக் கதவில்: "கஜனி. பாட்டு முடிஞ்சதும் வருவா."

எங்கள் அறைக் கதவுகளிலும் உண்டு. சில நாள் காலையில் பல் துலக்க வரும்போது அக்கா ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்ப்பார். ஒரு கேள்வி கேட்பார். நாங்கள் முகம் கழுவித் திரும்புவதற்குள் எங்கள் கதவில் எங்களைப் பற்றிய செய்தி ஒட்டப்பட்டிருக்கும். "பரீட்சை. சத்தம் போடாதீங்க." "அம்மாவோட சண்டை. இன்னிக்கி யாரும் புத்தி சொல்ல வேணாம்." என் கதவில் மட்டும் நான் வந்த முதல் வாரம் ஒட்டிய தாள் இரண்டு வருடமாக மாறவேயில்லை: "கோவம் இல்ல. முகமே அப்படித்தான்."

நான் போய் ஆட்சேபித்தேன்.

"அக்கா, அது என்ன எழுதியிருக்கீங்க?"

"ஏன், பொய்யா?"

"பொய் இல்ல. ஆனா..."

"மூணு பேரு என்கிட்ட வந்து, அந்தப் புள்ளைக்கு எங்க மேல என்னா கோவம்னு கேட்டுட்டாங்க. தாள ஒட்டினதுக்கு அப்புறம் யாராச்சும் கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. தாள் இருந்துவிட்டது.

அக்காவுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது அவர் சொல்லித்தான் தெரியும். தன்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே கதையும் அதுதான். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஒரு கரும்பலகை உண்டு. எந்த மலையில் கொழுந்து பறிப்பது, எந்த மலையில் செடி வெட்டும் கவ்வாத்து வேலை, யார் யார் எங்கே என்று அதில் எழுதுவது அக்காவின் வேலை.

"போர்டு தெளிவா இருந்துச்சுன்னா அத்தனை பேரும் பாத்துட்டு மலைக்கி ஏறிருவாங்க. ஒரு எழுத்து கொழம்பிச்சுன்னா அறுபது பேரு ஆபீசு ஜன்னல்ல வந்து நிப்பாங்க. அறுபது வாயும் பேசும். அதுக்கப்புறம் எங்க வேல பாக்குறது? அதுனால ஒருத்தர் வந்து கதவத் தட்டினாங்கன்னா, என் நோட்டீசுல பிழை இருக்குன்னுதான் அர்த்தம்."

யாரும் கதவைத் தட்டாத உலகம் ஒன்றை அவர் அம்பிட்டியவில் உண்டாக்கிவிட்டார். அது எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதற்கு ஃபஸ்னாவின் வாப்பா சாட்சி.

மகள் இருக்கும் இடம் எப்படி என்று பார்க்க, ஃபஸ்னாவின் வாப்பா அக்குறணையிலிருந்து ஒருநாள் பகல் வந்தார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வாசல் தாளைப் படித்தார். சமையலறைத் தாளைப் படித்தார். தண்ணீர் முக்கால் என்பதை அறிந்தார். ஃபஸ்னாவின் கதவில் "வேலைக்குப் போயிட்டா. 5.40க்கு வருவா. சளி குறைஞ்சிருச்சு. ராத்திரி இருமல் இல்ல" என்று இருந்தது. மனிதர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கொண்டுவந்த தொதல் இனிப்புப் பார்சலை வாசலிலிருந்த மர வாங்கில் வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

மாலையில் ஃபஸ்னா வந்து பார்சலைப் பார்த்ததும் ஃபோன் எடுத்தாள்.

"வாப்பா, வந்தீங்களா? என்னப் பாக்காமயா போனீங்க?"

"பாக்கத்தானே மகள் வந்த. எல்லாம் பாத்துட்டன். சளி சொகமாமே!"

ஃபஸ்னா அன்று தொதல் சாப்பிடவில்லை. மறுநாள் அவள் கதவில் "வாப்பாவோட கோவம். தொதல் மத்தவங்க எடுக்கலாம்" என்று இருந்தது. எடுத்தோம்.

இப்படிப்பட்ட அக்காவின் கையில் ஒரு புதிய கைபேசி கிடைத்தால் என்ன ஆகும்? அவருடைய தம்பி வாங்கிக் கொடுத்தார். அதுவரை பொத்தான் ஃபோன்தான் வைத்திருந்தார், அதையும் சத்தமில்லாமல்தான் வைத்திருப்பார். மணி அடிப்பதும் கதவு தட்டுவதும் அவருக்கு ஒன்று. புதிய ஃபோனை என்னிடம் நீட்டி, "நீதான் படிச்ச புள்ள. இத எப்பிடித் திறக்காம பாக்குறதுன்னு சொல்லிக் குடு" என்றார்.

உலகத்தில் எல்லோரும் ஃபோனை எப்படித் திறப்பது என்றுதான் கேட்பார்கள்.

நான் முன்திரையை அழுத்திப் பிடித்து, வானிலை விட்ஜெட் ஒன்றை எடுத்து வைத்துக் காட்டினேன். மஞ்சள் சூரியனும் "27" என்ற எண்ணும் வந்து உட்கார்ந்தன. அக்கா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நோட்டீசு."

"ஆமாக்கா."

"இத யாரு கண்டுபிடிச்சது?"

"கம்பெனிக்காரங்கதான்."

"என்னோட வீட்டுக்கு எப்ப வந்து பாத்தானுங்க?"

ஒரே வாரத்தில் பதினேழு விட்ஜெட்டுகள் சேர்ந்துவிட்டன. மணி, வானிலை, நாட்காட்டி, செய்தித் தலைப்பு, நடந்த அடிகள், பேட்டரி எவ்வளவு, குடித்த தண்ணீர் எவ்வளவு, இன்றைய ராசி, நிலா எந்தப் பக்கம் தேய்கிறது. விரலால் தள்ளித் தள்ளி நான்கு திரைகள் முழுக்க நோட்டீஸ். ஒரு ஆப்பைக்கூட அவர் திறந்ததில்லை. தவறுதலாக விரல் பட்டு ஏதாவது திறந்துவிட்டால், அடுத்தவர் குளிக்கும்போது கதவைத் தள்ளிவிட்டவர் மாதிரிப் பதறி மூடுவார்.

முதல் விபத்து வைகாசி மாதத்தில் நடந்தது. அன்று ஞாயிறு. அக்கா வானிலை விட்ஜெட்டைப் பார்த்தார். சூரியன். உடனே எல்லாக் கதவுகளிலும் தாள்: "நாள் பூரா வெயில். படுக்கைச் சீலை எல்லாம் தோய்க்கவும்." ஆறு பேரும் தோய்த்தோம். துவாய், தலையணை உறை, ஃபஸ்னாவின் கனத்த போர்வை எல்லாம் பின்முற்றத்துக் கயிற்றில் ஏறின. பதினொரு மணிக்கு ஹந்தான மலைப் பக்கம் கறுத்தது. கஜனி யாழ்ப்பாணத்துக்காரி, வங்கியில் வேலை, வானத்தைப் பார்த்துப் பேசுகிறவள்.

"அக்கா, மழை வரப்போகுது. எடுப்பமே?"

"இதுல வெயில்தான் காட்டுது."

"மேல பாருங்கோ அக்கா. மலையக் காணேல்லை!"

"மலையையா பாக்கச் சொன்னேன்? இதப் பாரு. வெயில்."

மழை கொட்டியது. அக்கா முற்றத்தின் நடுவில் நின்றார். ஒரு கையில் குடை, அதைத் தனக்குப் பிடிக்காமல் ஃபோனுக்குப் பிடித்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் வடிய, திரையில் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. அன்று ஆறு பேரும் வெறும் மெத்தையில் படுத்தோம்.

இரண்டாவது விபத்து அடுத்த மாதம். ஃபோனில் இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்தது. அக்கா ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து யோசித்து, மிக நேர்மையான முடிவொன்றுக்கு வந்தார். வெளியே ஒட்டியிருக்கிற நோட்டீசே எல்லாவற்றையும் சொல்கிறது, உள்ளே இருக்கிறவன் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு? பதினேழு ஆப்களையும் ஒவ்வொன்றாக அழித்தார். முன்திரையில், அவர் பார்க்காத நேரத்தில், பதினேழு விட்ஜெட்டுகளும் ஒவ்வொன்றாக மறைந்தன.

நாங்கள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் தாள்: "விசாரணை. எல்லாரும் ஹோலுக்கு வரவும்."

அக்கா கதிரையில் உட்கார்ந்திருந்தார். வெறும் நீலத் திரையோடு ஃபோன் மேசையில் கிடந்தது.

"யாரோ கைய வச்சிருக்கீங்க. ஒண்ணு காணாமப் போனா தவறுன்னு விடலாம். பதினேழு. யாரு?"

"நான் காலமை ஏழு மணிக்கே வேலைக்குப் போயிட்டன் அக்கா" என்றாள் கஜனி.

"எனக்கு எதுக்கு நிலா தேயிறது?" என்றாள் ஃபஸ்னா.

நான் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது. அன்றுதான் அக்காவுக்கு விட்ஜெட்டுக்கும் ஆப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். அலுவலகத்தில் இதே விஷயத்தை இருபது பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அக்காவுக்கு நாலு வரிதான் தேவைப்பட்டது.

"அக்கா, விட்ஜெட் வாசல்ல ஒட்டின தாள். ஆப்தான் உள்ள உக்காந்து அத எழுதுற ஆளு. ஆள வீட்ட விட்டு அனுப்பிட்டீங்க. தாளையும் எடுத்துட்டுப் போயிட்டான்."

அக்கா இதை உடனே ஏற்றுக்கொண்டார். தன் வேலையை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அடுத்தவர் வேலை சீக்கிரம் விளங்கும். ஆனால் அடுத்த கேள்வியும் உடனே வந்தது.

"சரி. அன்னிக்கி மழையில வெயில் காட்டுச்சே? அப்ப ஆளு உள்ளதானே இருந்தான்?"

"இருந்தான். ஆனா தூங்கிட்டான். திறக்காமயே ரொம்ப நாள் விட்டீங்கன்னா, பேட்டரிய மிச்சம் பண்ண ஃபோனே அவன தூங்க வச்சிரும். அப்ப தாள்ல கடைசியா எழுதினதுதான் இருக்கும்."

"ஆளு செத்தே போயிட்டா?"

"அப்பவும் கடைசியா எழுதினதுதான் இருக்கும்."

"வெயில்னு?"

"வெயில்னு."

அக்கா ஃபோனை ஒரு தினுசாகப் பார்த்தார். "என்னா புள்ள இது, வெக்கங்கெட்ட பொழப்பு! நான் இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளும் நேத்து போர்ட இன்னிக்கி விட்டதில்ல."

"அதுக்குத்தான் மூலையில எழுதின நேரத்தையும் போடணும்கா. எங்க கம்பெனில அப்பிடித்தான் செய்யச் சொல்லுவோம். நேரம் பழசா இருந்தா, திறந்து பாக்கணும்னு தெரிஞ்சிரும்."

மறுநாளிலிருந்து வீட்டிலுள்ள எல்லாத் தாள்களின் மூலையிலும் கிழமையும் நேரமும் வந்தன. பூசணிக்குக்கூட நேரம் போட்டார். அவர் கதவில் மட்டும் போடவில்லை. கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு? நான் எந்நேரமும் ஒரே மாதிரித்தானே" என்றார்.

நான் அதை விட்டுவிட்டேன். என் தொழிலில், கண்ணில் பட்ட பிழையை எழுதாமல் விடுவது மன்னிக்க முடியாத குற்றம்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். கதவுக்கு முன்னால் ஆறு பேரும் கூடிவிட்டோம். ஃபஸ்னா மறுபடி தட்டினாள். "அக்கா! நான் சமைக்கிறன், கோவமில்ல, கதவத் திறங்க!" என்றாள். பதில் இல்லை. ஃபோன் அடித்துப் பார்த்தோம். அது எப்போதும்போல் சத்தமில்லாமல் உள்ளே எங்கேயோ அடித்திருக்கும்.

கதவை உடைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எதால் என்பதில் கருத்து வேறுபாடு. ஒருத்தி அம்மிக் குழவி என்றாள். ஒருத்தி கீழே போய்த் த்ரீவீல்காரரைக் கூட்டி வரலாம் என்றாள். நான் பூட்டைக் கழற்றுவது எப்படி என்று ஃபோனில் தேடிக்கொண்டிருந்தேன். கஜனி எல்லோரையும் விலக்கிவிட்டுக் கைப்பிடியைத் திருகினாள்.

திறந்துவிட்டது. அந்தக் கதவு பூட்டியிருக்கவே இல்லை. இரண்டு வருடங்களில் எங்களில் ஒருத்தியும் அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்ததில்லை.

உள்ளே ஒரு தாள்கூட இல்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. நான் பார்த்ததிலேயே ஒழுங்கற்ற அறை அது. கதிரை மேல் துணி, துணி மேல் பழைய சஞ்சிகைகள், அதன் மேல் பாதி பின்னிய கம்பளிச் சட்டை. நான்கு குடைகள், நான்கும் விரிந்தபடி. அலுமாரிக் கதவு மூட முடியாதபடி பிஸ்கட் டின்கள். மூன்று மணிக்கூடுகள், மூன்றும் மூன்று நேரம். பின்னல் நூல் கட்டுகள் தரையெல்லாம் உருண்டு கிடந்தன. கட்டிலில் பாதியைச் சாமான்கள் பிடித்திருந்தன. மீதிப் பாதியில் அக்கா சுருண்டு கிடந்தார். உதடு வெடித்திருந்தது. நெற்றியில் கை வைத்த கஜனி உடனே கையை எடுத்தாள்.

"காய்ச்சல் கொதிக்குது. டெங்குவாத்தான் இருக்கும். எனக்கு வந்தது, எனக்குத் தெரியும்."

அக்கா கண்ணைத் திறக்காமலே ஏதோ முனகினார். குனிந்து கேட்டேன்.

"யாரு... கதவத் தட்டினது? நோட்டீசு... இருக்குதானே..."

அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, துவாயால் சுற்றிக் கட்டி, ஆறு பேரும் மாறி மாறிப் பிடித்து நூற்றுப் பதினான்கு படிகளும் இறக்கினோம். கை மாறாமல் கடைசிவரை முன்னால் பிடித்தவள் ஃபஸ்னா. மெலிந்த பெண், சோற்றுப் பானையைத் தூக்கவே ஆள் கூப்பிடுகிறவள். படியெல்லாம், "அல்லாஹ்வே, நான் நேத்தே தட்டியிருக்கணும்" என்று அழுதுகொண்டே இறங்கினாள். கதிரை ஒரு தடவைகூடச் சாயவில்லை.

ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் இருந்தவர் சிங்களத்தில் பெயர் கேட்டார்.

"நம?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அக்கா" என்றேன் நான்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "அக்கா நமக் நெவெயினே." அக்கா என்பது பெயரில்லையே என்றார். நியாயம்தான். நோட்டீஸ் என்பதும் பெயரில்லை. அதைச் சொல்லாமல் தவிர்த்தேன்.

வயது என்ன? வேறு வருத்தம் ஏதும் இருக்கிறதா? என்ன மருந்து எடுக்கிறார்? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? நெருங்கிய சொந்தம் யார், எங்கே? பெயரோடு சேர்த்து ஆறு கேள்விகள், நாங்கள் ஆறு பேர். தம்பி ஒருவர் உண்டு என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபிரிட்ஜில் எத்தனை முட்டை என்று கேட்டிருந்தால் கிழமையோடும் நேரத்தோடும் சொல்லியிருப்போம்.

அடையாள அட்டையைத் தேட ஃபஸ்னா திரும்ப ஓடினாள். மூன்று மணித்தியாலம் கழித்துத்தான் வந்தாள். எட்டாவது பிஸ்கட் டின்னில் இருந்ததாம். அட்டையில் இருந்த பெயரை நாங்கள் மூன்று தடவை படித்தோம். மிக அழகான, நீளமான பெயர். இங்கே எழுதவில்லை. அவரிடம் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். டின்னிலேயே தம்பியின் இலக்கமும் இருந்தது.

டாக்டர் இளம் வயதுக்காரர். "எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்று கேட்டார். தெரியாது என்றோம். "ஒரே வீட்டிலதானே இருக்கிறீங்க?" என்றார். ஆமாம் என்றோம். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்களெண்டா..." என்று தொடங்கி, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மூன்று நாள் அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. முறை வைத்து வார்டு வாசலில் நின்றோம். அந்த முறையை நான்தான் எழுதினேன். ஒட்டவில்லை. ஒவ்வொருத்தியிடமும் போய் வாயால் சொன்னேன்.

நான்காம் நாள் நான் போனபோது அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் பாதியாகியிருந்தது. ஆனால் கண்ணில் பழைய வெளிச்சம். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய பலகையைக் காட்டினார்.

"பாத்தியா? கட்டிலுக்குக் கட்டில் ஒண்ணு."

"பாத்தேன் அக்கா."

"எவ்வளவு தண்ணி குடிச்சேன், எவ்வளவு போச்சு, சூடு எவ்வளவு, எல்லாம் நேரம் போட்டு எழுதுறாங்க. ராவு பகலா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா அந்த நர்ஸ் மிஸ் இருக்குதே, எழுதுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கிட்ட வந்து என்னையத் தொட்டுப் பாக்குது புள்ள. தொட்டுப் பாத்துட்டுத்தான் எழுதுது."

நான் மூன்று நாளாக மனதில் எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, கிழமை பிழைன்னு சொன்னது நான்தான். நேரம் பழசா இருந்தா திறந்து பாக்கணும்னு உங்களுக்கு விளக்கம் சொன்னதும் நான்தான். திங்கட்கிழமைன்னு எழுதியிருந்ததப் பாத்துட்டும் வேலைக்குப் போயிட்டேன்."

"நீ மட்டுமா?" என்றார் அக்கா. போர்வையின் ஓரத்தைச் சுருட்டினார். "எனக்கு ஞாயித்துக்கிழமையே காச்சல். திங்கக்கிழமை காலையிலயும் 'நலம்'னுதான் எழுதி ஒட்டினேன். காச்சல்னு எழுதினா நீங்க எல்லாம் உள்ள வருவீங்க. ரூம் கெடக்கிற லட்சணத்துல எப்பிடி உள்ள விடுறது? ரெண்டு நாள்ல எந்திரிச்சு, கூட்டி அள்ளிட்டு, அப்புறமா எழுதலாம்னு படுத்தேன்."

திடீரென்று அவருக்கு ஏதோ உறைத்தது.

"ரூமுக்குள்ள யாரு யாரு வந்தீங்க?"

"எல்லாரும்தான்."

"ஃபஸ்னாவுமா?"

"ஃபஸ்னாதான் மூணு மணித்தியாலம் தேடினா. எல்லா டின்னையும் திறந்துட்டா."

அக்கா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டில் அம்மா எட்டிப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நூல் கட்ட மிதிச்சாளா?"

"ஒண்ணு ரெண்டு."

"எந்தக் கலரு?"

"பச்சை."

"அது போனாப் போகுது" என்றார் அக்கா.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இப்போதைய நிலைமை இதுதான். அக்கா ஒரு மாதம் தம்பி வீட்டில் இருந்துவிட்டு அம்பிட்டியவுக்குத் திரும்பிவிட்டார். உடம்பு பரவாயில்லை, முழங்கால் மட்டும் படியேறும்போது வலிக்கிறதாம். ஃபோனில் இரண்டு விட்ஜெட்டுகளை மட்டும் திரும்ப வைத்திருக்கிறார். வானிலை ஆப்பைக் காலையும் மாலையும் திறந்து பார்க்கிறார், வேண்டாவெறுப்பாக. கஜனிக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. ஃபஸ்னாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வேலைக்கு வசதியாக நானும் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வீடு மாறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் பிடித்து அம்பிட்டிய போகிறேன். அக்காவின் அறையில் கட்டிலில் கிடக்கிற சாமான்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். என்ன விஷயமாக வந்தாய் என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். விஷயம் ஒன்றுமில்லை. சும்மாதான் போகிறேன்.